கடைசியில் வருகிறவரின் வேகம்

துளசிங்கம் கடைசியாகச் செய்த வேலை, தன் மச்சானின் சைக்கிளுக்கு பெல் மாட்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பால் ஊற்றிவிட்டு வந்தவர் காலி கேன்களை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, ராஜீவின் கியர் சைக்கிளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து புது பெல் வந்தது. பஜாரில் வாங்கிய சாதாரண பெல். மூடியில் தாமரைப் பூ அச்சு.

"இன்னா பாவா இது?" என்றான் ராஜீவ்.

"பெல்லு. பாத்தா கொய்யாப் பழம் மாதிரியா கீது?"

"இந்த சைக்கிளுக்கெல்லாம் அது போட மாட்டாங்க."

"ஏன், இந்த சைக்கிளு போற ரோட்டுல மாடு வராதா? எரும எதிர்ல நின்னா இங்கிலீசுல பேசுவியா?"

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த கல்பனா சிரித்தாள். ராஜீவுக்கு அக்கா, துளசிங்கத்துக்கு மனைவி. "போட்டுக்கோடா. நேத்தெல்லாம் அதத்தான் கையில வெச்சு அடிச்சுக்கினு இருந்தாரு. காது போச்சு."

துளசிங்கம் திருகி முடித்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது இரண்டு தரம் ஒலித்தது. உள்ளே பல் சக்கரத்தில் ஏதோ கோளாறு. ஓர் அழுத்து அழுத்தினால் ஒரு ஒலி, கொஞ்சம் விட்டு இன்னொரு ஒலி.

"கண்டியா? ஒண்ணு மாட்டுக்கு, ஒண்ணு மாட்டுக்காரனுக்கு" என்றார்.

ராஜீவ் தாலுகா ஆபீசில் சர்வேயர். வயது முப்பத்தொன்பது. மூன்று வருடம் முன்னால் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். அவன் சைக்கிள் வாங்கினான். வாங்கியவன் சும்மா ஓட்டவில்லை. நிலம் அளக்கிற புத்தி. போகிற வழியெல்லாம் மேடு எவ்வளவு, பள்ளம் எவ்வளவு, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே என்று நோட்டில் குறித்தான். ஒரு வருடத்தில் திருத்தணியைச் சுற்றி மூன்று வழிகளை வகுத்து, இரண்டு பக்கத்தில் ஒரு வழிக்காகிதம் அச்சடித்தான். சுலபம், கடினம் என்று போட அவனுக்குப் பிடிக்கவில்லை. படிக்கட்டுக்குப் பேர்போன ஊர் என்பதால் முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று பெயர் வைத்தான்.

முதல் படி, ஏரிக்கரைகளை ஒட்டி மணவூர் ஸ்டேஷன் வரை. சமதரை. களைத்துப் போனவர்கள் மணவூரில் ரயில் ஏறி அரக்கோணத்தில் மாறித் திரும்பி வந்துவிடலாம். இரண்டாம் படி, பள்ளிப்பட்டு. ஏறி இறங்கும் பாதை, எதிர்காற்று வேறு. மூன்றாம் படி, ஊருக்குள்ளேயே இருக்கிற மலைப்பாதை. தூரம் கொஞ்சம்தான். ஆனால் நெஞ்சைப் பிடிக்கும். 'நன்றாகப் பழகியவர்கள் மட்டும்' என்று அதன் கீழே போட்டிருந்தான். காகிதத்தின் அடியில், மூன்று படிக்கும் பொதுவாக, தடித்த எழுத்தில் ஒரே ஒரு விதி: 'கடைசியில் வருகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம்.' அந்த வரியை அவனே எழுதினான். எழுதியபோது அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துளசிங்கம் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "நாலாம் படிய உட்டுட்டியே மச்சான்" என்றார்.

"அது இன்னா பாவா?"

"ரெண்டு பக்கமும் பாலு கேனு மாட்டிக்கினு, காலைல நாலரைக்கு, நாய்ங்க தொரத்த தொரத்த போறது."

ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து போவார்கள். இவனிடம் இருபத்தோரு கியர், அவரிடம் டபுள் பார் போட்ட பால் சைக்கிள். சமதரையில் அவரைப் பிடிக்க முடியாது. ஐம்பத்தாறு வயதில் மணவூர் வரைக்கும் காலைக் கீழே வைக்க மாட்டார். மேடு வந்தால்தான் இறங்கித் தள்ளுவார். மலைமேல் இருக்கிற டீக்கடைகளுக்குப் பால் கொண்டு போவதும் அப்படித்தான், பாதி வழி தள்ளிக்கொண்டே.

அவர் வீட்டில் ஒரு வழக்கம். தலைமுறை தலைமுறையாக ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற குடும்பம். முருகன் மலையில் காலை வைத்தபின் 'முடியல' என்று வாயால் சொல்லக்கூடாது. தோளில் காவடி அழுந்துகிறது, கால் வெந்து போகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் 'அரோகரா' என்றுதான் கூவ வேண்டும். கூட வருகிறவர்கள் புரிந்துகொண்டு நிற்பார்கள், தோள் மாற்றுவார்கள். மலைக்கு மட்டும் என்று இருந்த அந்த வழக்கத்தை துளசிங்கம் ரோட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். பின்னாலிருந்து அவர் "அரோகரா" என்றால் ராஜீவ் பிரேக் பிடிப்பான். எதுவும் கேட்க மாட்டான். அவர் வந்து சேர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடா நின்னுட்ட? முடியலியா?" என்று இவனையே கேட்பார்.

அந்த ஞாயிறு சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ராஜீவின் வழிக்காகிதத்தை யாரோ போனில் அனுப்பி, அது எங்கெங்கோ சுற்றி, விஷ்ணு என்பவர் கண்ணில் பட்டிருந்தது. பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, வேன் தலையில் சைக்கிள்களை அடுக்கி வந்து இறங்குகிறார். ராஜீவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தான் வகுத்த வழியை வெளியூர்க்காரர்கள் ஓட்டப் போகிறார்கள்.

ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை. வேன் இன்னும் வந்து சேரவில்லை. துளசிங்கம் உள்ளே டீ சொல்லிக்கொண்டிருந்தார். ராஜீவ் தன் சைக்கிளைப் பார்த்தான். கறுப்பு ஹேண்டில்பாரில் தாமரைப் பூ பெல் கல்யாண வீட்டுக்கு வந்தது போல் பளபளத்தது. முதுகுப்பையில் இருந்த திருகு சாவியை எடுத்து பெல்லைக் கழற்றினான். பைக்குள், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் போட்டான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான்.

வேன் வந்தது. இறங்கியவர்கள் எல்லாருக்கும் தலைக்கவசம், கையுறை, தொடையோடு ஒட்டிய கால்சட்டை. அவர்களுக்கு நடுவில் துளசிங்கம் மடித்துக் கட்டிய லுங்கியோடும் தலையில் சுற்றிய துண்டோடும் நின்று, "டீ சாப்புடுங்க, டீ சாப்புடுங்க" என்று கிளாஸ்களை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஏற்பாடு இப்படி. முதல் படிக்கு நான்கு பேர். அவர்களை ஏரிக்கரை வழியாக துளசிங்கம் கூட்டிப்போவார், உதவிக்குக் கந்தன் என்ற உள்ளூர் நண்பர். மற்ற ஏழு பேரோடு ராஜீவ் மலைப்பாதை ஏறுவான்.

விஷ்ணு பால் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேரியரை அழுத்திப் பார்த்தார். "அண்ணே, இதுல மலை ஏறியிருக்கீங்களா?"

"தெனம் ஏறிக்கினுதான் கீறேன். கேனோட."

"சூப்பர்ணே! அப்ப நீங்க எங்ககூட வாங்க. இந்த சைக்கிள் மலை ஏறுறத வீடியோ எடுக்கணும்."

துளசிங்கம் ராஜீவைப் பார்த்தார். தள்ளிக்கொண்டு ஏறுவதை அவர் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ராஜீவ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "பாவா மணவூருக்குப் போகட்டும், அவருக்குத்தான் அந்த வழி தெரியும்" என்றால் முடிந்தது கதை. அவன் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"வர்றதா இருந்தா வாங்க பாவா. ஆனா நடுவுல எறங்கித் தள்ளிக்கினு வராதீங்க. வீடியோ எடுக்கறாங்க. என் மானம் போயிடும்."

துளசிங்கம் அவனைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "உன் மானத்த என் பெடல்லயா வெச்சிக்கிற? சரி, நட."

போகும்போது அவன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். பெல் இல்லாததைக் கண்டிருப்பார். எதையும் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

மணவூருக்குப் போகிற நால்வரையும் கந்தனே கூட்டிப்போனார். மலைப்பாதையில் முதல் வளைவு வரைக்கும் துளசிங்கம் கூடவே வந்தார். எழுந்து நின்று மிதித்தார். விஷ்ணுவின் தலைக்கவசத்தில் சின்ன கேமரா இருந்தது. அடிக்கடி திரும்பி அவரைப் படம் பிடித்தார். முதல் வளைவு தாண்டியதும் ஏற்றம் கூடியது. அந்த ஏற்றம் எத்தனை சதவீதம் என்று ராஜீவுக்கு மனப்பாடம். அவர் பின்தங்கினார்.

"அரோகரா!"

ராஜீவின் விரல்கள் தாமாகவே பிரேக்குக்குப் போயின. அது பழக்கம். ஆனால் அதற்குள் முன்னால் போனவர்கள் எல்லாரும் உற்சாகமாகச் சேர்ந்து திருப்பிக் கத்தினார்கள்: "அரோகரா!" ஒருவர் கையை உயர்த்திக்கூடக் கத்தினார். கோயில் மலை, காலை வெயில், பின்னாலிருந்து ஓர் ஊர்க்காரரின் குரல். அவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராஜீவ் விரலை எடுத்தான். அவனும் கத்தினான். "அரோகரா!"

இரண்டாவது தரம் குரல் உடைந்து வந்தது. 'அரோ' தனியாக, 'கரா' தனியாக.

பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த சாய்லக்ஷ்மி என்ற பெண் மூச்சு வாங்கக் கேட்டார். "சார், அவருக்கு ஒண்ணும் இல்லையே? நிக்கலாமா?"

"இல்ல மேடம்" என்றான் ராஜீவ். "அது பக்தி."

அப்படித்தான் சொன்னான். யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

மூன்றாவது குரல் வந்தபோது அவர்கள் மேல் வளைவில் இருந்தார்கள். காற்று இருந்தது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்கிற அளவுக்குக் காற்று இருந்தது. அவனுக்குக் கேட்டது. அதற்கு அவன் பதிலும் சொல்லவில்லை.

மேலே போய்ச் சேர்ந்து, எல்லாரும் தண்ணீர் குடித்து, ஊரைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். "அண்ணன் எங்க?" என்று விஷ்ணு கேட்டார். "வந்துடுவாரு" என்றான் ராஜீவ். தள்ளிக்கொண்டுதான் வருவார், எல்லாரும் பார்க்க வருவார் என்று நினைத்தான். பத்து நிமிடம் கழித்துத்தான் அவன் மட்டும் கீழே இறங்கினான்.

இரண்டாவது வளைவுக்குக் கீழே, பால் சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றது. துளசிங்கம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு மடியில் இருந்தது. மேலிருந்து இறங்கி வந்த ஆட்டோக்காரர் ஒருவர் அவர் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. அந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வழியிலேயே போயிருக்கும் என்றார். அந்த இடம் வரைக்கும் அவர் இறங்கித் தள்ளவில்லை.

சாவு வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. பால் வாங்குகிறவர்கள், காவடிக் கூட்டம், மலைக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு சின்னம்மாள் கல்பனாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அழுவாதடி. முருகன் மலையில, முருகன் பேரச் சொல்லிக்கினே போயிருக்கான். எத்தினி பேருக்குக் கெடைக்கும் இந்த சாவு? புண்ணியவான்டி."

சென்னைக்காரர்கள் சொன்னதுதான் அது. மூன்று தரம் அரோகரா என்றாராம், பிறகு உட்கார்ந்தாராம், போய்விட்டாராம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. வருகிறவர்கள் ராஜீவின் கையைப் பிடித்து, "நீ கூடவே இருந்தியாமே? கேட்டியா?" என்றார்கள்.

"ஆங், கேட்டேன்" என்றான். அது பொய் இல்லை. பொய் இல்லாததால்தான் அதைச் சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது.

சின்னம்மாள் புண்ணியவான் என்று சொல்லும்போதெல்லாம் கல்பனா தரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ராஜீவ் சைக்கிளைத் தொடவில்லை. ஆபீசுக்கு பஸ்ஸில் போனான். விஷ்ணு அனுப்பிய வீடியோ போனில் அப்படியே கிடந்தது, அவன் திறக்கவில்லை. அக்கா வீட்டுக்குத் தினமும் போனான். காய் வாங்கிக் கொடுத்தான், ரேஷன் வாங்கிக் கொடுத்தான், தாலுகா ஆபீசில் வாங்க வேண்டிய சான்றிதழ்களை எல்லாம் தானே வாங்கி வந்தான். அக்கா, உட்காருடா என்பாள். அவன் உட்கார மாட்டான். நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்பிவிடுவான்.

நாற்பது நாள் கழிந்தபின் விஷ்ணு போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். "சார், எங்க குழுவுல பேசினோம். மூன்றாம் படிக்கு அண்ணன் பேரையே வெச்சுடலாம். துளசிங்கம் படி. காகிதத்தைப் புதுசா அச்சடிக்கலாம். அவர் அரோகரா சொல்லிக்கிட்டே போனதைப் பத்தி நாலு வரி நீங்க எழுதணும். உங்களவிட யார் சார் எழுத முடியும்? வீட்டுல அனுமதி கேட்டு, ஒரு போட்டோவும் வாங்கிக் கொடுங்க."

ராஜீவ் அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தான். 'மலையேறும்போது முருகன் நாமத்தை' என்று தொடங்கி அடித்தான். மறுபடி தொடங்கினான். பழைய காகிதம் பக்கத்தில் இருந்தது. அடியில் தடித்த எழுத்தில் அவன் எழுதிய அந்த ஒரே விதி. அவனால் அதற்கு மேலே ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அச்சில் ஏறிவிட்டால் இந்தப் பொய் எல்லாருக்கும் உண்மையாகிவிடும். அக்காவிடம் சொல்லாமல் அதைச் செய்தால், பிறகு அவள் முகத்தை எந்த நாளிலும் பார்க்க முடியாது.

மறுநாள் மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். எதற்கென்று தெரியாமல் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனான். ஏறி ஓட்டவில்லை.

கல்பனா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெல்லு எங்கடா?"

அவன் வெறும் ஹேண்டில்பாரைப் பார்த்தான்.

"அவரு மாட்டுனத நான் கண்ணால பாத்தேன். வீடியோல இல்ல."

"வீடியோ பாத்தியாக்கா?"

"பத்தாவது நாளே கந்தன் வந்து காட்டிட்டான். அவரு கொரலு கேக்குதுக்கா, கேளுன்னான். கேட்டேன். உன் கொரலும் கேட்டுது. உன் சைக்கிளும் தெரிஞ்சுது. கழட்டிட்டியா?"

"ஆங்."

"எப்போ?"

"ஸ்டேஷனாண்ட. அவங்க வர்றதுக்கு முன்ன. வெக்கமா இருந்துச்சு" என்றான்.

"பெல்லாலயா, அவராலயா?"

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். நாற்பது நாளில் அந்த வீட்டில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். எல்லாவற்றையும் சொன்னான். இறங்கித் தள்ளாதே என்று சொன்னதைச் சொன்னான். மானம் போய்விடும் என்றதைச் சொன்னான். முதல் குரலுக்குப் பிரேக் வரை போன விரலை எடுத்ததை, கூடச் சேர்ந்து கத்தியதை, மூன்றாவது குரல் கேட்டும் கேட்காதது போல் போனதைச் சொன்னான். "பக்தின்னு சொன்னேங்க்கா. அது இன்னான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன்."

கல்பனா கையில் இருந்த துணியை மடித்து முடித்தாள். துளசிங்கத்தின் சட்டை அது.

"வூட்ல அரிசி மூட்டைய எறக்கும்போதும் அதான் சொல்லுவாரு" என்றாள். "உள்ள இருந்து அரோகரான்னு சத்தம் வந்தா ஓடிப்போயி ஒரு பக்கம் புடிப்பேன். முடியலன்னு அந்த வாயில வந்ததே இல்ல. எனுக்குத் தெரியாதா? அந்த வீடியோல மூணு வாட்டி கூப்புட்டாரு. மூணு வாட்டியும் நான் எழுந்துட்டேன்."

"ஏங்க்கா கேக்கல? ஒரு நாள்கூட நீ என்னெக் கேக்கலியே?"

"நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

தெருவில் பள்ளிப்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ராஜீவ் விஷ்ணு கேட்டதைச் சொன்னான். பெயர் வைப்பது, நாலு வரி, போட்டோ எல்லாம். கல்பனா உடனே தலையை ஆட்டினாள்.

"மலைக்கு அவரு பேரு வேணாம். அவரு மிதிச்சி ஏறாத பாதை அது. மணவூரு ரோட்டுக்கு வையி. அங்கதான் அவரு காலக் கீழ வெக்காம போவாரு."

"அது முதல் படிக்கா. சுலபமானது."

"சுலபமானா இன்னா? மட்டமா?"

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

"அரோகரான்னுகினே போனாருன்னு ஊரு சொல்லுது. சொல்லட்டும். சின்னம்மா அத சொல்லித்தான் தூங்குது. நீ மட்டும் அத எழுதாத. உன் கையால எழுதாத."

"சரிக்கா."

"உன்னெ மன்னிச்சேன்னு நான் சொல்லணும்னு உக்காந்துக்கினு கிறியா?"

அவன் நிமிரவில்லை.

"எனுக்கு அது இன்னும் வரல" என்றாள் கல்பனா. கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். "வந்தா சொல்றேன். நீ வந்துகினு இரு."

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் துளசிங்கத்தின் ஸ்பேனர் இருந்தது. அதை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராஜீவ் முதுகுப்பையைத் திறந்தான். பெல் அதே பாட்டிலுக்கு அடியில் கிடந்தது. மூடியில் தாமரைப் பூவின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. ஹேண்டில்பாரில் வைத்துத் திருகினான். இரண்டு தரம் கழன்று விழுந்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.

கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினான். அது இரண்டு தரம் ஒலித்தது.